நான் கோடு போட்ட மூன்றாவது வரி

தம்பி,

நீ போனில் அனுப்பிய மூன்று எஸ்டிமேட்டும் வந்து சேர்ந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றையும் வரி விடாமல் படித்தேன். குறைந்த தொகையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டிருக்கிறாய். கூடவே பேசியும் அனுப்பியிருக்கிறாய். "எம்மா, இந்த ஆளுகிட்டயே முடிச்சிரு. நீ பேசுனா இன்னும் கொறையும். தை மாசம் பாப்பாவுக்குக் காது குத்து, சொந்தக்காரங்க எல்லாம் வந்து தங்குவாங்க, வூடு பாக்க நல்லா இருக்கணும். அந்தச் செல்வராசு மட்டும் நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது." நான் பதில் போடவில்லை என்று இரண்டு தடவை கூப்பிட்டாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா, ஆபீஸ்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். இது பாதியில் வைக்கிற விஷயம் இல்லை. மகளிர் குழுவுக்குப் பத்து வருஷம் மனு எழுதிய கை இது, பெற்ற பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுத வராதா? உட்கார்ந்து முழுக்கப் படி. உன் பெண்டாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

முதலில் அந்தச் சிவப்பு வட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். நீ அனுப்பிய மூன்று பேரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வட்டம் போட்டாயே, அந்த ஆள் ஹால் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். உள்ளே முட்டுக்கு நிற்கிற சவுக்குக் கம்பங்களைப் பார்த்ததும் தலையை இழுத்துக்கொண்டார். மாடிக்கு ஏறவே இல்லை. அவர் எழுதியிருப்பது உடைந்த இடத்தில் பூச்சு, மாடித் தரைக்குப் பெயிண்ட், உள்ளே கலர். இரண்டாவது ஆள் மாடி முழுக்கத் தகர ஷெட் போடுவதற்கு எழுதியிருக்கிறார். மூன்றாவது ஆள் ஹால் தளத்தை இடித்துவிட்டுப் புதிதாகப் போட எழுதியிருக்கிறார். ஒரே வேலைக்கு மூன்று விலை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை தம்பி, மூன்று வெவ்வேறு வேலைக்கு ஆளுக்கொரு விலை. சட்டை தைக்க ஒருவனிடமும் பட்டன் வைக்க ஒருவனிடமும் கேட்டுவிட்டுப் பட்டன்காரன் மலிவு என்கிறாய். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரு யோக்கியதையும் இல்லை. இதே தப்பை நான் இதைவிடப் பெரிதாகச் செய்திருக்கிறேன். அதில்தான் உன் அப்பா போனார். செல்வராசு மேஸ்திரியால் போகவில்லை. என்னால் போனார்.

எழுதிவிட்டேன். ஐந்து வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்தது. இனி நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நம் வீட்டுத் தளம் ஒழுக ஆரம்பித்தது எப்படி என்று உனக்குத் தெரியுமா? மழையால் என்று நினைத்திருப்பாய். மழை எல்லார் வீட்டு மேலும்தான் பெய்தது. உன் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தி மக்காச்சோளம் நன்றாக விளைந்தது. களத்தில் இடம் கிடைக்கவில்லை என்று மாடியிலேயே கொட்டிக் காயவைத்தேன். மழைத்தண்ணீர் இறங்குகிற குழாய் வழியாக மணிமணியாக உருண்டு தெருவில் விழுந்தது. கோழி பொறுக்குகிறதே என்று வயிறு எரிந்து, உன் அப்பாவின் பழைய கைலியைக் கிழித்து அந்த ஓட்டையில் திணித்தேன். சோளத்தை அள்ளினேன், விற்றேன், துணியை எடுக்க மறந்தேன். ஐப்பசி முழுக்க மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றிருக்கிறது. கீழே ஹாலில் ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈரம் படர்ந்தபோதுதான் ஏறிப் பார்த்தேன். குச்சியை விட்டுக் குத்தியதில் கொஞ்சம் தண்ணீர் இறங்கியது. அதோடு விட்டுவிட்டேன். குத்தினேனே தவிர, துணியை வெளியே எடுக்கவில்லை. அடுத்த வருஷமும் அதேதான் நடந்தது. அதற்கடுத்த வருஷம் கூரைப் பூச்சு அப்பளமாக உப்பி உதிர ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் உனக்குக் கல்யாணம் கூடி வந்தது.

பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள், ஹாலில் கூரை இப்படி இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு அதே கவலை. கூரை விழுமே என்கிற கவலை கொஞ்சமும் இல்லை. அரியலூர் மாதிரி சிமெண்ட் ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிமெண்ட் லாரி ஓட்டுகிறவர் வீட்டில் தளம் விழுமா என்று ஒரு அசட்டுத் திமிர். மூன்று பேரிடம் எஸ்டிமேட் கேட்டேன். பெரம்பலூரிலிருந்து ஒரு இஞ்சினியர் வந்தார், சின்ன வயசு. ஹால் முழுக்கச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஃபேன் பக்கம் தட்டும்போது சத்தம் மாறியது, காலிப் பானையைத் தட்டுகிற மாதிரி. "அம்மா, வேலை ஆரம்பிக்கிற வரைக்கும் இந்த ஹால்ல யாரும் படுக்காதீங்க. இன்னைக்கே முட்டுக் குடுத்துருங்க" என்றார். பயம் காட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். அவர் வண்டி தெரு முனை திரும்புவதற்குள் அவரைப் போலவே பேசிக் காட்டி உன் அப்பாவைச் சிரிக்க வைத்தேன். உன் அப்பா சிரித்துவிட்டு, "இருந்தாலும் தட்டிப் பாத்தவரு அவரு ஒருத்தருதான், கேளேன்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒங்களுக்கு லாரி தெரியும். வூட்டப் பத்தி நீங்க பேசாதீங்க." அதன் பிறகு அவர் பேசவில்லை. அப்படித்தானே அவரை வைத்திருந்தேன்.

அடுத்து வந்தவர் தாளே எடுக்கவில்லை. வெற்றிலையை மென்றபடி அண்ணாந்து பார்த்து, "மொத்தமா இவ்ளோ ஆவும், பாத்துக்கலாம்" என்று ஒரு தொகையை வாயால் சொல்லிவிட்டுப் போனார். என்ன வேலை, எத்தனை நாள் என்று நான் கேட்கவும் இல்லை. தொகை குறைவாக இருந்தது, எனக்கு அது போதும். மூன்றாவதாக வந்தவர் செல்வராசு மேஸ்திரி. நீ அவரை 'அவன்' என்று சொல்கிறாய். நான் 'அவர்' என்று எழுதுகிறேன், கவனித்துக்கொள். அவர் முதலில் மாடிக்குத்தான் போனார். இறங்கி வரும்போது கையில் அந்தக் கைலித் துணி, கறுத்து நாறிப்போய். "யாருக்கா இத அடச்சது?" என்றார். "யாராச்சும் புள்ளைங்க வெளையாட்டா வச்சிருக்கும்" என்றேன். பார் தம்பி, அன்றைக்கே பொய் ஆரம்பித்துவிட்டது.

அவர் நோட்டுத் தாளில் வரி வரியாக எழுதிக் கொடுத்தார். முட்டுக் கொடுப்பது ஒரு வரி. உப்பின காங்கிரீட்டைக் கொத்தி எடுப்பது ஒரு வரி. மூன்றாவது வரி, கம்பியில் துருவைச் சுரண்டி, மருந்து அடித்து, போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டுவது. அப்புறம் பூச்சு, அப்புறம் மாடியில் தண்ணீர் ஓடச் சரிவு வைத்துத் தட்டோடு பதிப்பது, கடைசியாகச் சுண்ணாம்பும் கலரும். அவர் தொகை நடுவில் இருந்தது. உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே! பெரம்பலூர் ஜவுளிக்கடைக்கு யார் போனாலும் பேரம் பேச என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். வெங்காய வியாபாரி என் தலை தெரிந்தால் தராசை ஓரமாக வைத்துவிட்டுக் கும்பிடு போடுவான். அந்தப் பெருமை என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. வெற்றிலைக்காரர் வாயால் சொன்ன தொகையை எடுத்துச் செல்வராசு முகத்தில் வீசினேன். "அவரு இவ்ளோக்குச் செய்றேங்கிறாரு, நீ என்ன இஞ்சினியர் ரேட்டு சொல்றே?" என்றேன். "அக்கா, கூலிய வேணா கொஞ்சம் கொறச்சுக்கறேன். அதுக்கு மேல கொறைக்கணும்னா வேலையத்தான் கொறைக்கணும். எந்த வேலைய விடுறது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் பேனாவை வாங்கி மூன்றாவது வரியில் கோடு போட்டேன்.

ஏன் அந்த வரி? கலரை விட முடியாது, சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள். பூச்சை விட முடியாது, அதுவும் தெரியும். மாடியைச் சரி செய்யாவிட்டால் திரும்பவும் ஈரம் தெரியும். கம்பி மட்டும்தான் யார் கண்ணிலும் படாது. பூசிவிட்டால் உள்ளே மருந்து அடித்திருக்கிறதா இல்லையா என்று எவன் பார்க்கப் போகிறான்? "கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு எதுக்குக் காசு?" என்று வாய் விட்டே கேட்டேன். செல்வராசு, "வேணாங்கக்கா, அதுதாங்க மெயினு" என்றார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னார். "ஒனக்கு வேலை வேணுமா வேணாமா?" என்றேன். அவர் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்த நேரம், கையில் வேறு வேலை இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

கல்யாணத்துக்கு வீடு ஜொலித்தது. உன் மாமியார் ஹாலில் நின்று அண்ணாந்து பார்த்து, "புது வூடு மாதிரி இருக்கு சம்பந்தி" என்றார்கள். நான் பூரித்துப் போனேன். நீயும் மருமகளும் சென்னைக்குக் குடி போன நாலாம் மாசம் அது நடந்தது. உன் அப்பா அரியலூரில் லோடு இறக்கிவிட்டுக் காலையில் வந்தார், சாப்பிட்டார், ஹாலில் ஃபேனுக்குக் கீழே கட்டிலைப் போட்டுப் படுத்தார். நான் கொல்லையில் சோளக் கதிர் உரித்துக்கொண்டிருந்தேன். ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தெருவில் யாரோ வீடு கட்ட ஜல்லி இறக்குகிறார்கள் என்று நினைத்தேன். கையில் இருந்த கதிரை உரித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன் தம்பி. உள்ளே போனால் புழுதி. புதுப் பூச்சும் பழைய காங்கிரீட்டும் ஒரே பாளமாகக் கட்டில் மேல் கிடந்தன. மேலே கம்பிகள் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. யார் கண்ணுக்கும் தெரியாது என்று நான் சொன்ன கம்பிகள் அவைதான். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் பாதி தூரம் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொன்னவள்தான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் நடந்தது உனக்குத் தெரியும். மாலையோடு வந்த செல்வராசுவின் சட்டையைப் பிடித்து, ஊர் பார்க்கக் கன்னத்தில் அறைந்தாய். "எங்கப்பனக் கொன்னுட்டியேடா" என்று கத்தினாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. நான் தரையைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் "தம்பி, விடு, தப்பு என்மேல" என்று நான் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. புருஷன் பிணத்தை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை என்றுதான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினாறாம் நாள் கழிந்தது, வருஷம் கழிந்தது, அப்போதும் வாய் வரவில்லை. ஊர் அவரைத் திட்டியபோது கூடச் சேர்ந்து நானும் திட்டினேன். "கம்பியப் பாக்காம பூசிட்டான் பாவி" என்று இந்த வாயால் சொன்னேன். அவருக்கு நம் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் வேலை போனது. யாரும் ஒரு சின்னத் திண்ணை கட்டக்கூட அவரைக் கூப்பிடுவதில்லை. அவர் பெண்டாட்டி நம் குழுவில் இருந்தவள், வருவதை நிறுத்திக்கொண்டாள். தண்ணீர்க் குழாயில் நான் நின்றால் அவள் குடத்தோடு திரும்பிப் போய்விடுவாள். மேஸ்திரியாக இருந்தவர் இப்போது முதல் பஸ்ஸில் அரியலூர் போய் இன்னொருவரிடம் கலவை சுமக்கிறார்.

உன் சிவப்பு வட்டத்தைப் பார்த்த அன்று எனக்கு என் கோடுதான் தெரிந்தது. மறுபடி ஒரு விசேஷம், மறுபடி பூச்சு, மறுபடி கலர். இந்தத் தடவை அந்தக் கூரைக்குக் கீழே படுக்கப் போவது பாப்பா. மறுநாள் குன்னத்திலிருந்து அரியலூருக்குப் பஸ் ஏறினேன். ரேஷன் கார்டு உறைக்குள் ஐந்து வருஷமாக ஒளித்து வைத்திருந்த அந்த நோட்டுத் தாளை எடுத்துக்கொண்டேன். விசாரித்து விசாரித்து அவர் வேலை செய்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தலையில் சும்மாடு, அதன் மேல் கலவைச் சட்டி. என்னைப் பார்த்ததும் சட்டியை இறக்கி வைத்தார். தாளை நீட்டினேன். விரித்துப் பார்த்தார், திரும்ப மடித்தார். "இத நான் வச்சு என்னக்கா பண்ண? பாக்க வேண்டியவரு பாக்கணும்" என்று என்னிடமே கொடுத்தார்.

"அன்னைக்கு ஏன் நீ வாயத் தொறக்கல?" என்று கேட்டேன். கேட்டேனே, என்ன நெஞ்சழுத்தம் எனக்கு!

"தொறந்து என்ன சொல்லுறது? நீங்க கோடு போட்டீங்க, நெசந்தான். சரின்னு தலைய ஆட்டிட்டுப் பூசுனது என் கையி. வேலை இல்லாட்டிப் போவுதுன்னு எந்திரிச்சு வந்திருந்தா அண்ணன் இருந்திருப்பாரு. அத நெனச்சுத்தான் அந்த அடிய வாங்கிக்கிட்டேன்." பிறகு சும்மாட்டை அவிழ்த்து உதறிக்கொண்டே சொன்னார்: "எம் பொண்ணு பாத்துக்கிட்டு இருந்துச்சுக்கா. அதான் இன்னும் தாங்கல."

அந்த இடத்திலேயே அழுதேன். சித்தாள் பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன். "வந்து ஒரு தடவை பாரு, செல்வராசு. எம் பேத்தி வந்து படுக்கப் போறா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். அன்றைக்குப் போலவே முதலில் மாடிக்கு ஏறினார். குழாய் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பார்த்தார். ஹால், சமையல்கட்டு, நான் படுக்கிற அறை எல்லாம் சுத்தியலால் தட்டினார். நீ அனுப்பிய மூன்று பேரும் என் அறைக்குள் வரவே இல்லை. அங்கேயும் ஒரு மூலையில் சத்தம் மாறியது. "இங்க படுக்காதீங்கக்கா" என்றார். இந்தத் தடவை நான் யார் போலவும் பேசிக் காட்டவில்லை. அன்றிலிருந்து சமையல்கட்டில்தான் படுக்கிறேன்.

இனி நீ எந்த வேலைக்கு யாரிடம் எஸ்டிமேட் கேட்டாலும் ஒன்று செய். என்ன வேலை வேண்டும் என்று முதலில் தட்டிப் பார்க்கிறவரிடம் கேட்டு நீயே ஒரு தாளில் எழுது. அதே தாளை மூன்று பேருக்கும் கொடு. முட்டு யார் கொடுப்பது, இடித்த குப்பையை யார் அள்ளுவது, கொத்திய பிறகு உள்ளே நினைத்ததைவிட மோசமாக இருந்தால் என்ன செய்வது என்றெல்லாம் மூன்று பேரும் அதில் எழுதித் தரட்டும். அதன் பிறகு தொகையைப் பார். ஒருவர் தொகை ரொம்பக் குறைந்தால், எந்த வரி இல்லை என்று தேடு. பயம் காட்டுகிறவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் இல்லை, பயப்பட வேண்டியது இருக்கிறதோ என்று அண்ணாந்து பார். எவ்வளவு குறைத்தேன் என்று யாரிடமும் பெருமை பேசாதே. நான் பேசினேன். உன் கல்யாணப் பந்தியிலேயே பேசினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வராசு புது எஸ்டிமேட் எழுதி முடித்ததும் தாளை என் முன்னால் வைத்துப் பேனாவையும் நீட்டினார். "எதுனா எடுக்கணும்னா இப்பவே கோடு போட்டுருங்கக்கா. அப்புறம் நான் ஒரு வரியும் கொறைக்க மாட்டேன்" என்றார். குத்திக் காட்டுகிற ஆள் இல்லை அவர். உண்மையாகவே கேட்டார், அதுதான் தாங்க முடியவில்லை. நான் பேனாவை வாங்கவில்லை. கை இரண்டையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

காது குத்தைத் தள்ளிப் போடு, இல்லாவிட்டால் கோயிலிலேயே முடித்துக்கொண்டு போய்விடு. பாப்பாவை இந்தக் கூரைக்குக் கீழே கொண்டு வராதே. நீ மட்டும் வரும் ஞாயிற்றுக்கிழமை வா. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நம் வீட்டுக்கு வராதே, செல்வராசு வீட்டு வாசலுக்கு வா. நான் அங்கே நிற்பேன். இந்தக் கடிதத்தில் எழுதியதை அந்தத் தெருவில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, அவர் மகள் முன்னால் சொல்வேன். நீ செய்ய வேண்டியது என்ன என்று நான் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். அதன் பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் சரி. உன் அப்பாவை உன்னிடமிருந்து பறித்தவள் நான் என்று தெரிந்து நீ என்னை வெறுப்பது, தெரியாமல் என் மேல் பாசமாக இருப்பதைவிட எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

உறைக்குள் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். பழுப்பேறியது ஐந்து வருஷத்துக்கு முந்தியது. அதில் மூன்றாவது வரியைப் பார், நீல மையில் கோடு இருக்கும், அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்திருக்கும். மற்றது போன வாரம் எழுதியது. அதிலும் மூன்றாவது வரி அதே கம்பி, அதே துரு, அதே மருந்து. அதில் கோடு இல்லை.

அம்மா